திரையில் தெரிவது எந்த வோல்ட்?

சென்ற இதழில் வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: 'திரையில் எண் வந்துவிட்டால் அளந்தாகிவிட்டது என்று பொருளல்ல.' அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருப்பேன். 30 ஆண்டுகள் மற்றவர்களின் மீட்டர்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். சான்றிதழில் கையெழுத்துப் போட்டே பழகியவன் என்பதால் எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். பதில்களில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இரண்டு டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் உள்ளன. ஒரே 12 வோல்ட் பேட்டரியில் ஒன்று 12.61 காட்டுகிறது, இன்னொன்று 12.54. எது பொய் சொல்கிறது?
– இரண்டு மீட்டர் வாங்கிக் குழம்பியவர்

இரண்டுமே உண்மையைத்தான் சொல்லியிருக்கக்கூடும். மீட்டருடன் வந்த கையேட்டை, பெட்டியோடு சேர்த்து எங்காவது போட்டிருப்பீர்கள், தேடி எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். டி.சி. வோல்ட் என்ற வரிசைக்கு எதிரே '0.5 சதவீதம் + 2 டிஜிட்' என்பதுபோல் ஒன்று அச்சாகியிருக்கும். காட்டும் அளவில் 0.5 சதவீதமும், அதற்கு மேல் கடைசி இலக்கத்தில் இரண்டு எண்ணிக்கையும், ஏறவும் இறங்கவும் அந்த மீட்டருக்கு உரிமை உண்டு என்பது இதன் அர்த்தம்.

கணக்குப் போடுவோம். 12.61இல் 0.5 சதவீதம் என்பது 0.063. 20 வோல்ட் ரேஞ்சில், அதாவது திருகியை 20 வோல்ட் வரை அளக்கும் நிலையில் வைத்தால், கடைசி இலக்கம் 0.01 என்பதால் இரண்டு எண்ணிக்கைக்கு 0.02. மொத்தம் 0.083. ஆக முதல் மீட்டர் சொல்வது 'பேட்டரி 12.53க்கும் 12.69க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது' என்பதைத்தான். இரண்டாவது மீட்டருக்கும் இதே வரம்பு என்று வைத்துக்கொண்டால் அது சொல்வது 12.46 முதல் 12.62 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடம் 12.53 முதல் 12.62. சண்டையே இல்லை. 12.2க்கும் 12.9க்கும் சண்டை வந்தால் எழுதுங்கள்.

ஒரு சந்தேகம். இரண்டாவது மீட்டரை 20 வோல்ட் ரேஞ்சில்தான் வைத்திருந்தீர்களா? இரண்டு தசம இலக்கம் காட்டியதால் அப்படித்தான் இருக்க வேண்டும். பலர் 'எதற்கு வம்பு' என்று திருகியை 200இலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கே கடைசி இலக்கம் 0.1. இரண்டு எண்ணிக்கை என்றால் 0.2 வோல்ட் அதிலேயே போயிற்று. 12.6 என்று காட்டினாலும் உண்மை 12.34 முதல் 12.86 வரை எதுவாகவும் இருக்கலாம். ஈய அமில பேட்டரியில் 12.3 என்றால் ஏறக்குறையப் பாதி தீர்ந்தது; 12.6க்கு மேல் என்றால் நிறைந்தது. 200 வோல்ட் ரேஞ்சில் வைத்து அந்த பேட்டரியைப் பற்றி உங்களால் எதுவுமே சொல்ல முடியாது. எண்ணை அடக்கக்கூடிய ரேஞ்சுகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பதுதான் காசில்லாமல் கிடைக்கும் துல்லியம்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் பதிவேட்டில் 5.003 வோல்ட் என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன். மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவால் கடைசி இரண்டு இலக்கங்களைச் சுற்றி வட்டம் போட்டு, "இவற்றுக்கு யார் ஜாமீன்?" என்று கேட்டார். அந்த மீட்டருக்கும் 0.5 சதவீதம்தான், 5 வோல்ட்டில் அது 0.025. கடைசி இலக்கத்துக்கு ஜாமீன் கொடுக்க ஆளே இல்லை. அதற்கு முந்தைய இலக்கத்துக்கு அரைகுறை ஜாமீன். திரையில் இடம் இருக்கிறது என்பதற்காக மீட்டர் காட்டுகிறது, அவ்வளவுதான்.

மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்தால், கம்பிகள் எதையும் தொடாதபோதே எண்கள் தாறுமாறாக ஓடுகின்றன. மீட்டர் பழுதா?
– ஒரு கல்லூரி மாணவி

இல்லை. இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொடுங்கள். பூச்சியத்தில் அடங்கினால் மீட்டர் நலம். 0.2 மில்லிவோல்ட் என்று ஒட்டிக்கொண்டு நின்றால் அதைக் குறித்துக்கொண்டு கழியுங்கள். கழிக்கவும் சோம்பலாக இருந்தால், அளந்த பிறகு கம்பிகளை மாற்றிப் பிடித்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள். ஒரு பக்கம் 3.4, மறுபக்கம் கழித்தல் 3.0 என்று வந்தால் உண்மை 3.2, மிச்சம் 0.2 மீட்டரின் சொந்தச் சரக்கு.

10 வோல்ட் சப்ளையில் இரண்டு 1 மெகாஓம் (10 லட்சம் ஓம்) ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து நடுவில் அளந்தேன். 5 வோல்ட் வர வேண்டும். என் மீட்டரில் 4.76 வந்தது. நண்பனின் சிறிய மீட்டரில் 3.33! ஆசிரியர், "ரெசிஸ்டர் சரியில்லை" என்கிறார். ஐயா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவர்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையது, தம்பி. நண்பனின் மீட்டரைக் கேலி செய்யாதீர்கள். இந்த வழக்கில் அதுதான் முக்கிய சாட்சி.

உங்கள் ஆசிரியர் சொன்னது பாதி நியாயம். 5 சதவீத ரெசிஸ்டர்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிசகினால் நடுவில் 4.75 வரை இறங்கலாம். ஆகவே 4.76ஐ மட்டும் வைத்துக்கொண்டு அவரோடு வாதாட முடியாது. ஆனால் அதே ரெசிஸ்டர்கள் இன்னொரு மீட்டரைக் கண்டதும் 3.33 ஆகிவிட்டன என்றால் மாறியது ரெசிஸ்டர் இல்லையே!

மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தான். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்கள் டி.சி. வோல்ட்டில் 10 மெகாஓம். மலிவான சில சிறிய மீட்டர்கள் 1 மெகாஓம். நண்பனின் மீட்டரை வைத்த கணத்தில், கீழே உள்ள 1 மெகாஓமுக்கு இணையாக இன்னொரு 1 மெகாஓம் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து அரை மெகாஓம். மேலே 1, கீழே அரை. 10 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே, அதாவது 3.33. உங்கள் 10 மெகாஓம் மீட்டருக்கும் இதே கணக்கைப் போடுங்கள், சரியாக 4.76 வரும். இரண்டு மீட்டர்களும் தத்தமக்கு முன்னால் இருந்த வோல்ட்டைத் துல்லியமாகவே அளந்திருக்கின்றன. அவற்றை எடுத்த பிறகு அங்கே இருக்கும் 5 வோல்ட் இரண்டின் கண்ணிலும் படவே இல்லை.

இந்தக் குறையைக் கையேட்டின் சதவீதக் கணக்கு காட்டாது. மிக விலையுயர்ந்த மீட்டரும், 10 மெகாஓம் கொண்டது என்றால், இங்கே 4.76தான் சொல்லும், கூட நான்கு தசம இலக்கங்களோடு சொல்லும்.

கண்டுபிடிப்பது எப்படி? என் பழைய தந்திரம் ஒன்று. முதல் மீட்டர் அளந்துகொண்டிருக்கும்போதே, அதே இடத்தில் அதேபோன்ற இரண்டாவது மீட்டரையும் (அல்லது ஒரு 10 மெகாஓம் ரெசிஸ்டரை) இணையாக வையுங்கள். முதல் மீட்டரின் எண் அசையவில்லை என்றால் நிம்மதி. குறைந்தால், எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். உங்கள் சுற்றில் 4.76 என்பது 4.55 ஆகும், 0.21 குறைவு. முதல் மீட்டர் வந்தபோதும் ஏறக்குறைய இவ்வளவுதான் விழுங்கியிருக்கும். அதைத் திருப்பிச் சேர்த்தால் 4.97. சற்றே குறைவுதான், ஆனாலும் கைக்கணக்குக்குப் போதும். இதை ஆசிரியர் முன்னால் செய்து காட்டுங்கள். பணிவாகச் செய்யுங்கள், செய்முறை மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது.

பேட்டரி, சப்ளை போன்ற வலுவான இடங்களில் இந்தக் கவலை தேவையில்லை. அளக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் மின்தடை (மூல மின்தடை) சில ஆயிரம் ஓம் வரை இருந்தாலும் 10 மெகாஓம் மீட்டருக்குப் பொருட்டில்லை. லட்சங்களைத் தொடும்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

மீட்டரின் திரையில் பேட்டரி அடையாளம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. அவசியம் மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர்

இன்றே மாற்றுங்கள். மீட்டர் தனக்குள்ளே ஒரு உரைகல் வோல்ட்டை வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட்டுத்தான் நமக்கு எண் சொல்கிறது. பேட்டரி தளர்ந்தால் சில மீட்டர்களில் அந்த உரைகல்லே சுருங்கிவிடும். முழம் சுருங்கினால் துணி நீளமாகத் தெரியும் அல்லவா? அப்படி, அளவு கூடுதலாகக் காட்டும். பேட்டரி தீர்ந்தால் எண் குறையும் என்று நினைப்பவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள்.

வயரிங் வேலை செய்கிறேன். சுவிட்சை அணைத்த பிறகும் ஒரு வயரில் 68 வோல்ட் காட்டுகிறது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிவதில்லை. என்ன வோல்ட் இது?
– 18 ஆண்டு அனுபவமுள்ள மின்பணியாளர்

பேய் வோல்ட் என்று எங்கள் மேசையில் சொல்வோம். அணைத்த வயரும், அதை ஒட்டி ஒரே குழாய்க்குள் ஓடும் உயிருள்ள வயரும் சேர்ந்து ஒரு சிறிய கெபாசிட்டர் (மின்தேக்கி) ஆகிவிடுகின்றன. அது 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 32 மெகாஓம் அளவுக்கு எதிர்ப்புக் காட்டும். பக்கத்து வயரில் 230 வோல்ட், உங்கள் மீட்டர் 10 மெகாஓம் என்றால் திரையில் 69 வோல்ட் வரும். நீங்கள் சொன்ன எண்ணும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. பின்னால் இருக்கும் மின்னோட்டமோ ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது விளக்கை எப்படி எரிக்கும்?

சில மீட்டர்களில் குறைந்த உள்ளீட்டுத் தடையோடு அளக்கும் நிலை ஒன்று தனியாக இருக்கும். அதில் மீட்டர் 10 மெகாஓமுக்குப் பதில் சில ஆயிரம் ஓம் ஆகிவிடும். பேய் வோல்ட் என்றால் எண் பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிடும். உண்மையான மின்சாரம் என்றால் அசையாமல் நிற்கும். மின்பணிக்கு மீட்டர் வாங்குபவர் மற்ற வசதிகளை விட்டுவிட்டாலும் இதை விடக்கூடாது என்பது என் கட்சி.

ஆனால் 'பேய்' என்று பெயர் வைத்துவிட்டதால் தைரியம் வந்துவிடக் கூடாது. எங்கோ கசியும் காப்புறையும், தவறாக இணைத்த நியூட்ரலும்கூட இதேபோன்ற எண்ணைக் காட்டும். தொடுவதற்கு முன், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்தில் மீட்டரை வைத்து அது காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்ய வேண்டிய வயரில் பாருங்கள். பிறகு மறுபடியும் அந்தத் தெரிந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இந்த மூன்றாவது படியை எல்லோரும் தவிர்க்கிறார்கள். அறுந்த கம்பியோடு இருக்கும் மீட்டரும் 'பூச்சியம்' என்றுதான் சொல்லும். டெஸ்ட் லேம்பை ஓய்வுபெற விடுங்கள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும்.

புதிதாக வாங்கிய இன்வெர்ட்டரின் வெளியீட்டை அளந்தால் 180 வோல்ட்தான் காட்டுகிறது. விற்றவர் 230 வோல்ட் என்று சத்தியம் செய்கிறார். யாரை நம்புவது?
– ஏமாந்துவிட்டோமோ என்று கவலைப்படுபவர்

விற்பவரை நம்பச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் இந்த முறை அவர் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். உங்கள் மீட்டரின் முகத்தில் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' (அலை எந்த வடிவில் இருந்தாலும் அதன் சூடாக்கும் திறனுக்கு ஈடான வோல்ட்டைக் காட்டும் வகை) என்று எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் அது ஏ.சி.யைச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை 1.11ஆல் பெருக்கிக் காட்டும் வகை. சைன் அலைக்கு மட்டும் இந்தப் பெருக்கல் சரியாக வரும். மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது படிபடியான அலை. அதன் உச்சம் 325 வோல்ட், பாதி நேரம்தான் அந்த உச்சத்தில் நிற்கிறது என்றால், ஆர்.எம்.எஸ். மதிப்பு 230. அதாவது விளக்கையும் ஹீட்டரையும் பொறுத்தவரை அது 230தான். சராசரி மட்டும் 162, 1.11ஆல் பெருக்கினால் 180. உங்கள் எண் அதேதான்!

முழுச் சதுர அலையில் இதே மீட்டர் மறுபக்கம் சாய்ந்து 11 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி அளந்து பாருங்கள். அதிலும் 180 என்றால் விற்றவரிடம் போகலாம், நானே உங்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறேன்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் டிரைவ்களின் வெளியீட்டை அளப்பவர்களுக்கு ட்ரூ ஆர்.எம்.எஸ். மட்டும் போதாது. பல மீட்டர்கள் ஏ.சி. துல்லியத்துக்கு 50இலிருந்து 400 அல்லது 500 ஹெர்ட்ஸ் வரைதான் பொறுப்பேற்கும். டிரைவின் உள்ளே இருக்கும் சுவிட்சிங் பல ஆயிரம் ஹெர்ட்ஸ். அதற்கென்று வடிகட்டியுள்ள மீட்டர்கள் தனியாக வருகின்றன.

சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் இருப்பதைக் கவனிக்காமல் மின்சாரத்தின் வோல்ட்டை அளந்துவிட்டேன். பளீரென்று ஒரு வெளிச்சம். மீட்டர் பிழைக்குமா?
– கை நடுங்க எழுதுபவர்

நீங்கள் பிழைத்ததே பெரிது. அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது ஏறக்குறைய ஒரு வெறும் கம்பித்துண்டு. மின்சாரத்தின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்திருக்கிறீர்கள். உள்ளே ஃபியூஸ் இருந்தால் அதே வகை, அதே மதிப்புள்ளதைப் போடுங்கள். கண்ணாடி ஃபியூஸைத் திணிக்காதீர்கள். சில மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது, பக்கத்திலேயே அப்படி அச்சிட்டும் இருப்பார்கள். அவற்றை பேட்டரி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போர்டுக்கு 5 வோல்ட் சப்ளை கொடுத்திருக்கிறேன். சப்ளையில் அளந்தால் சரியாக 5.00. ஆனால் போர்டு அடிக்கடி தானாக ரீசெட் ஆகிறது. வோல்ட் சரியாக இருக்கும்போது ஏன்?
– பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்பவர்

வோல்ட் எங்கே சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்? சப்ளையில். போர்டு வசிப்பது அங்கே இல்லையே. மெல்லிய வயர், போகவும் வரவும் சேர்த்து 0.1 ஓம், போர்டு 3 ஆம்பியர் இழுக்கிறது என்றால் வழியிலேயே 0.3 வோல்ட் போய்விடும். போர்டின் கால்களில் 4.70.

இதில் நானே மூக்கறுபட்டிருக்கிறேன். ஓர் இயந்திரத்தில் 24 வோல்ட் சென்சார் ஒன்று அவ்வப்போது உயிரை விட்டது. சப்ளையின் நெகட்டிவில் கறுப்புக் கம்பியை கிளிப் போட்டு மாட்டிவிட்டு, சிவப்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இயந்திரம் முழுக்கச் சுற்றினேன். எங்கே தொட்டாலும் 24.0. சப்ளையைச் சந்தேகித்து ஒரு முறை மாற்றினேன். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை மாற்றினேன். மூன்றாம் நாள் அலுத்துப்போய், கறுப்புக் கம்பியையும் எடுத்துவந்து சென்சாரின் சொந்த நெகட்டிவ் முனையில் வைத்தேன். 21.6! நெகட்டிவ் இணைப்பில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. காணாமல் போன 2.4 வோல்ட் அந்தத் திருகில் உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாக நான் அளந்துகொண்டிருந்தது சென்சாரின் ஒரு காலுக்கும், சில மீட்டர் தள்ளி இருந்த வேறொரு இடத்துக்கும் இடையிலான வோல்ட்டை. மீட்டர் கேட்டதற்குப் பதில் சொன்னது. நான் தப்பாகக் கேட்டிருந்தேன்.

ஆகவே இரண்டு முனைகளையும் போர்டின் கால்களிலேயே வையுங்கள். போர்டு வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளங்கள். சுமை இல்லாதபோது எல்லா வயரும் நல்ல வயர்தான். தீர்ந்துபோன பென்டார்ச் செல்கூடச் சும்மா இருக்கும்போது 1.3 வோல்ட் காட்டும். இன்னொன்று: சாதாரண மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு, மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்து எழும் வோல்ட் அதன் சராசரியில் கரைந்துவிடும். 4.9 வந்தும் ரீசெட் நிற்கவில்லை என்றால் வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் உள்ள நண்பரைத் தேடுங்கள்.

வீட்டிலேயே மீட்டரைச் சரிபார்க்க வழி உண்டா? ஆண்டுதோறும் அளவுத்திருத்தத்துக்கு அனுப்ப எனக்கு வசதியில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை

அனுப்பத் தேவையும் இல்லை, அம்மா; நீங்கள் யாருக்கும் சான்றிதழ் கொடுக்கப் போவதில்லை. எல்.எம். 4040 போன்ற ஒரு வோல்ட்டேஜ் ரெஃபரன்ஸ் சிப்பை (மாறாத ஒரே வோல்ட்டைத் தருவது) வாங்குங்கள். அதன் உயர்தர வகை 0.1 சதவீதத்துக்குள் நிற்கும். 5 வோல்ட் சிப் என்றால் 4.995 முதல் 5.005 வரை. 0.5 சதவீத மீட்டருக்கு இது தாராளம். புது பேட்டரியை வைத்துச் சரிபார்க்கச் சொல்பவர்கள் உண்டு. புது ஆல்கலைன் செல் 1.5 என்று எழுதிக்கொண்டு 1.6 காட்டும், அதை உரைகல்லாக வைத்தால் நல்ல மீட்டரையும் திருகிக் கெடுத்துவிடுவீர்கள்.

மீட்டரையும் சிப்பையும் கால் மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு அளங்கள். கையேட்டின் துல்லியக் கணக்கு பெரும்பாலும் 18 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரைக்குத்தான் செல்லும். வரும் எண்ணைத் தேதி போட்டு மீட்டரின் முதுகில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை அதோடு ஒப்பிட்டால் மீட்டர் நகர்ந்ததா என்று தெரியும்.

என் மீட்டரின் முதுகிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கிறது. 6 ஆண்டுகளில் கடைசி இலக்கம் இரண்டு முறை ஒன்று கூடியது. இரண்டு முறையும் கோடையில், மின்விசிறி ஓடாத மத்தியானத்தில்.